ஹசன் வரைந்த மயிலும் நான் காய்ச்சிய பசையும்

1

இந்த நாட்டுக்கு வந்த பதினேழு வருஷத்தில் நான் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. அதையும் மைதா மாவில்தான் செய்தேன்.

ஊருக்குச் செய்தி அரைகுறையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் தங்கச்சி வேலம்மா, "எங்கக்காவ லண்டன் போலீஸு பிடிச்சிட்டுப் போயிட்டாம்" என்று கோவில்பட்டி மார்க்கெட் ரோடு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளாம். நான் இருப்பது லண்டன் இல்லை, அதற்கு வடக்கே மழையும் மாடிப்படியும் நிறைந்த வேறொரு ஊர். என்னைப் பிடித்ததும் போலீஸ் இல்லை, நூலகத்துக் காவல்காரர். அவரும் பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டார். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். காகிதத்திடம் அந்தக் கூச்சம் இல்லை. அது முகத்தைப் பார்ப்பதில்லை.

என் பெயர் சண்முகத்தாய். மகள் செல்வி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பிரசவத்துக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். அன்று பிறந்த பேத்தி மீனு இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். என்னோடு அவள் பேசும் தமிழ், "பசிக்கலை ஆச்சி" என்பதோடு முடிந்துவிடும். மற்றதெல்லாம் போனில் எழுதி அனுப்புவாள். அதுவும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள். நான் அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அவள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள்.

2

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வாசல் சலீமாக்காவுடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பாக்தாத்தில் பிறந்து, பத்து வயதில் குடும்பத்தோடு கிளம்பி, எங்கெங்கோ இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். போனில் அரபுதான் பேசுவார். பெயரோ சலீமா. ஆகையால் நான் வந்த முதல் வருஷம் ரம்ஜான் அன்று ஒரு தட்டில் பேரீச்சம்பழம் வைத்து, தலையில் முக்காடும் போட்டுக்கொண்டு போய் நீட்டினேன். வாங்கி ஒன்றைத் தின்றார். கொட்டையைத் துப்பினார். பிறகுதான், "நான் யூதச்சி" என்றார். நான் தட்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன் போலிருக்கிறது. "தந்ததத் திருப்பித் தர மாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து சிநேகிதம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் பேசுவது அரபு வாடை அடிக்கிற இங்கிலீஷ். நான் பேசுவது கரிசல் மண் ஒட்டிய இங்கிலீஷ். இரண்டையும் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பேசினால் என் காதில் கோவில்பட்டிப் பேச்சாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன். என் பெயரில் பாதிக்கு மேல் அவர் நாக்குக்கு ஏறவில்லை. "தாயி" என்று மட்டும் கூப்பிடுவார்.

ஒரு நாள் அலமாரியிலிருந்து துணிச் சுற்றைப் பிரித்து ஒரு புத்தகத்தைக் காட்டினார். கையால் எழுதியது, உள்ளே படங்கள். அவர்களுடைய பஸ்கா பண்டிகை விருந்தில் மேசையில் வைத்து வாசிப்பது.

"எழுத்து எங்க எழுத்து, எபிரேயம். கீழ வரிக்கு வரி அர்த்தம் இருக்கு பாரு, அது அரபு. அரபைத்தான் எங்க எழுத்துல எழுதியிருக்கு. அதிசயமா இல்லியாட்டி?"

எனக்கு அதிசயமாக இல்லை. கோவில்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சீத்தம்மா தெலுங்கு வீடு. மகன் பட்டாளத்தில் இருந்தான். சீத்தம்மா தெலுங்கில் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பேன். ஒரு வார்த்தையும் புரியாது, ஆனாலும் முத்து முத்தாக எழுதுவேன். மகன் லீவில் வந்தபோது என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தான். அந்தக் கடிதங்களில் பாதி என்னைப் பற்றிய புகார் என்று அப்புறம்தான் தெரிந்தது. என் கோழி அவர்கள் கீரைப் பாத்தியை மேய்ந்தது முதற்கொண்டு என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

இதைச் சொன்னதும் சலீமாக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பெருமையாகச் சொன்னார்:

"எழுதினது எங்க தாத்தா சாசோன். படம் போட்டது பக்கத்து வீட்டு ஹசன், முஸ்லீம். ஒரே சுவரு. நாங்க கிளம்பும்போது சோதனை போடுதாங்கன்னு பயந்து, ஒரு வாரம் இந்தப் புத்தகம் ஹசன் மகன் வீட்டு மாவுப் பானைக்குள்ள கெடந்துது. பெட்டி கட்டுற அன்னைக்குக் கொண்டாந்து தந்தாவ. 'புத்தகத்த யாருக்குக் காட்டினாலும் ஹசன் பேரச் சொல்லணும்'னு எங்கப்பா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு."

3

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ்கா விருந்துக்கு எங்களைக் கூப்பிட்டார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று காலையிலிருந்து நின்று, கடம்பூர்ப் போளி மாதிரியே இருபது போளி சுட்டு எடுத்துப் போனேன். வாசலிலேயே மறித்துவிட்டார்.

"மாவா? இந்த எட்டு நாளும் வீட்டுக்குள்ள மாவு ஆகாதுட்டி! மூலை முடுக்கெல்லாம் தொடச்சு வச்சிருக்கேன்!"

போளி எங்கள் வீட்டுக்கே திரும்பியது. செல்வி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மீனு மட்டும் அன்றைக்குப் பசிக்கிறது என்றாள்.

விருந்து நடுவில்தான் அது நடந்தது. சலீமாக்கா புத்தகத்தைத் திருப்பும்போது, காலங்காலமாகச் சிந்திய பேரீச்சம்பாகில் ஒட்டிக் கிடந்த இரண்டு தாள்கள் பிரிந்து, ஒன்று கழன்று தட்டில் விழுந்தது. மேலே மூன்று வரி எழுத்து, கீழே ஒரு மயில். நீலமும் பச்சையும் தங்கமுமாய். வால் மட்டும் ஏனோ கோழிக்கு இருப்பது போலக் குட்டை. சலீமாக்கா அதைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதார்.

"அழாதீங்கக்கா. நான் ஒட்டித் தாரேன்" என்றேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் தொடங்கிய வேலை அது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது. கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் வைத்து ஒட்டியிருக்கிறேன். மைதாவைக் கஞ்சிப் பதத்தில் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில் துத்தம் ஒரு துளி கலக்க வேண்டும். பார்க்க நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும், ஆனால் விஷம். ஊரிலிருந்து வரும்போது மஞ்சள்பொடி டப்பாவுக்குள் பாக்களவு ஒளித்துக்கொண்டு வந்திருந்தேன். விமான நிலையத்தில் மஞ்சளை மோந்து பார்த்துத் தும்மினார்களே ஒழிய, தோண்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் புத்தகத்தை எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுவந்தேன். தாளின் ஓரமெல்லாம் நைந்திருந்தது. அப்படியே கோத்தால் மறுபடி கழன்றுவிடும். நல்ல படமாயிற்றே, அட்டையின் உள்பக்கம் முழுசாக ஒட்டிவிட்டால் நூறு வருஷம் நிற்கும் என்று முடிவு செய்தேன். தாளைக் குப்புறப் போட்டபோது பின்பக்கம் மங்கலாக ஒன்றரை வரி ஏதோ தெரிந்தது. பாகில் ஒட்டிக் கிடந்த தாளிலிருந்து ஊறி வந்த மசி என்று நினைத்தேன். பசையைத் தடவினேன். காற்றுக்குமிழ் இல்லாமல் நீவினேன். தீப்பெட்டிக் கம்பெனியில் என் லேபிள் சுருங்கியதாக ஒரு பேச்சு வந்ததில்லை.

முன் அட்டையில் ஒட்டினேன். அதாவது எனக்கு முன் அட்டை. அவர்கள் புத்தகம் வலமிருந்து திறக்கும், ஆகையால் அவர்களுக்கு அது பின் அட்டை. மயிலைக் கொண்டுபோய்க் கடைசியில் உட்காரவைத்துவிட்டேன். சலீமாக்காவுக்கு அப்போது கண்ணில் புரை. மயில் பத்திரமாக இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

4

போன வருஷக் கடைசியில் நூலகத்திலிருந்து ஒருவர் வந்தார். எபிரேய எழுத்தில் அரபு எழுதிய படப் புத்தகங்களை ஒன்றுசேர்த்துக் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம், ஆனால் மருந்து எழுதத் தெரியாது. சின்ன வயது. நான் டாக்டர் தம்பி என்றே சொல்கிறேன்.

சலீமாக்கா வீட்டு மேசையில் கறுப்புத் துணி விரித்து, பஞ்சுத் திண்டு போட்டு, பிள்ளைத்தாய்ச்சியை உட்காரவைப்பது போலப் புத்தகத்தை வைத்தார். அன்று செல்விக்கு விடுமுறை. அவர் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எம்மா, அவிய என்ன சொல்லுதாவன்னா, இந்த ஓரத்துல இருக்க கொடி, நட்சத்திரம், முடிச்சு எல்லாம் முஸ்லீம்க வேதப் புத்தகத்துல இருக்க மாதிரியே இருக்காம். அந்தக் காலத்துல ஒரே ஊர்ல ஒரே ஓவியரே ரெண்டு பேருக்கும் வரைஞ்சு குடுப்பாராம். யார் யாரப் பாத்து வரைஞ்சாங்கன்னு பிரிக்கவே முடியாதாம்."

இதற்கும் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. லேபிள் அச்சடிக்கும் இடத்தில் இதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே அச்சு, ஒரே ஓரத்துக் கொடி. முருகன் லேபிளுக்கும் பிறை லேபிளுக்கும் சிலுவை லேபிளுக்கும் அதுவே. நடுவில் சாமி மாறும், ஓரத்துக் கொடி மாறாது.

பிறகு டாக்டர் தம்பி கடைசி அட்டையைத் திறந்தார். மயிலைப் பார்த்தார். மூச்சை இழுத்தார்.

"எம்மா, இந்த மாதிரி மயிலக் கடைசியில வச்ச புத்தகத்த இவிய பாத்ததே இல்லையாம். ரொம்ப அபூர்வமாம். அந்த வால் குட்டையா இருக்கு பாத்தியா, அது வேணும்னே விட்டதாம். யூதங்க பெரிய கோயில் முன்னொரு காலத்துல இடிஞ்ச துக்கத்துக்கு எதையும் முழுசா முடிக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கமாம். வீடு கட்டுனாக்கூட செவுத்துல ஒரு எடத்தப் பூசாம விடுவாவளாம். அப்புறம் தாள் ஓரத்துல லேசா நீலம் ஓடியிருக்காம். அது என்ன சாயம்னு ஆராயணுமாம்."

நான் டீத் தம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த நீலம் நான் மஞ்சளுக்குள் கடத்தி வந்த துத்தம்.

அதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. ஓவியர் யார் என்று பேச்சு வந்ததும் வேடிக்கை போய்விட்டது.

"ஹசன். பக்கத்து வீடு" என்றார் சலீமாக்கா.

டாக்டர் தம்பி பதமாகத்தான் சொன்னார். கையெழுத்து இல்லை, குறிப்பு இல்லை. வாய்வழிச் செய்தியைக் கண்காட்சியில் வைக்கும் விவர அட்டையில் போட முடியாது. 'ஓவியர்: பெயர் தெரியவில்லை' என்றுதான் எழுத முடியும்.

சலீமாக்கா மேசையில் ஓங்கி அடித்தார். தம்ளர்கள் குதித்தன. "பேரு தெரியலியா? எனக்குத் தெரியுமே! எங்கப்பா சாகும்போது எங்கிட்டச் சொன்ன பேரு! ஒனக்குத் தெரியலன்னா எழுதாதே, புத்தகத்தக் கட்டு!"

அவரைச் சமாதானப்படுத்துவதற்காக டாக்டர் தம்பி தன் மடிக்கணினியில் வேறு படங்களைக் காட்டினார். ஒரு பக்கம் எபிரேயம், ஒரு பக்கம் அரபு. எபிரேய எழுத்து ஒவ்வொன்றும் அடுக்கி வைத்த தீப்பெட்டி போலத் தனித்தனியாகச் சதுரமாக நிற்கிறது. அரபு எழுத்து ஒன்றையொன்று கைகோத்து, தொடுத்த பூச்சரம் மாதிரி ஓடுகிறது.

நான் குப்புறப் போட்டுப் பசை தடவினேனே, அந்த ஒன்றரை வரி. அது அடுக்கிய பெட்டி இல்லை. பூச்சரம்.

அது ஊறி வந்த மசி இல்லை. யாரோ எழுதியது. அரபு எழுத்தில் எழுதியது. நான் ஒட்டிவிட்டேன்.

5

வேலம்மாவுக்குப் போன் போட்டேன். வீடியோவில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

"யக்கா, ஒனக்குக் கிறுக்கா? வாயத் தொறக்காதே. சொன்னீன்னா விசாவப் புடுங்கிட்டு வண்டி ஏத்தி விட்டுருவாவ."

"அந்தக்கா பாவம்ட்டி."

"பாவம்னா நாலு போளி சுட்டுக் குடு. எழுத்து உள்ள இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒனக்கும் எனக்கும் தெரியும். நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

இவள் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று கேட்டதுமே, நானே சொல்லிவிடுவது நல்லது என்று தீர்மானித்தேன். செல்வியிடம் முதலில் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எம்மா, அது என்ன தீப்பெட்டியா? அவிய என்ன நெனப்பாவ?" என்று ஆரம்பித்தவள், மயில் துத்தம் வந்த கதையைக் கேட்டதும் பாதியில் விட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

பக்கத்து வாசலில் நின்று மணியடித்தேன். பதினேழு வருஷத்தில் எனக்குக் கிடைத்த சிநேகிதம் அது ஒன்றுதான். கதவு திறக்கும் வரை அது நினைவில் இருந்தது, திறந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

சலீமாக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஹசன் வாயிலேயே பசையப் போட்டு ஒட்டிட்டியாட்டி?"

நான் தலையைக் குனிந்தேன்.

"என்ன பசை?"

"மைதாக்கா."

"மாவா!" எழுந்தே விட்டார். "பஸ்கா புத்தகத்துக்குள்ள மாவா! ரெண்டு வருசமா அந்த எட்டு நாளும் வீட்டத் தொடச்சுத் தொடச்சு என் இடுப்பு ஒடிஞ்சுது. மாவு மேசை நடுவுல உக்காந்திருந்திருக்கு! அதுக்கு நான் முத்தம் வேற குடுத்தேன்!"

"திங்கிற மாவு இல்லக்கா. விஷம் கலந்தது. நாய்கூட மோந்து பாக்காது."

கையை உயர்த்தியவர் அப்படியே நின்றார். "நாய்கூடத் திங்காதா?"

"செத்துப்போகும்."

"அப்போ தோஷமில்ல" என்று உட்கார்ந்தார். நாயும் தின்ன முடியாதபடி கெட்டுப்போன மாவு அவர்கள் சட்டப்படி மாவே இல்லையாம். என் மயில் துத்தம் ஒரு மதத்தையே காப்பாற்றிவிட்டது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

"பிரிச்சா எழுத்து தப்புமா?"

"தெரியலக்கா. லேபிள்னா பிரிப்பேன். தப்பா ஒட்டினா ஈரத்துணி போட்டு ஊறவச்சு, ஓரத்துலேர்ந்து எடுப்போம். அவசரப்பட்டா படம் கிழிஞ்சிரும். ஆனா அந்த மசி ஈரம் தாங்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

சலீமாக்கா கோட்டை எடுத்து மாட்டினார். "வா. போறோம்."

6

நூலகத்து வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், நிறுவனம், ஆராய்ச்சிப் பொருள். எனக்கு ஏது நிறுவனம்? இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். சலீமாக்கா பேனாவை வாங்கி, நிறுவனம் என்ற இடத்தில் 'தீப்பெட்டி' என்றும், ஆராய்ச்சிப் பொருள் என்ற இடத்தில் 'இங்கே இருக்கும் ஒரு புத்தகம்' என்றும் எழுதிக் கொடுத்தார். பெயரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று டாக்டர் தம்பி கெஞ்சி வாங்கியதில், புத்தகம் முந்தின வாரமே அங்கே போயிருந்தது.

காவல்காரர் படிவத்தை வாசித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் என் பையைக் கவிழ்த்தார். விபூதிப் பொட்டலம், பிரஷர் மாத்திரை, பஸ் பாஸ், ஒரு வேகவைத்த சீனிக்கிழங்கு. தீப்பெட்டி இல்லை. ஊரில் இருந்த நாளெல்லாம் என் பையிலோ மடியிலோ ஒரு தீப்பெட்டி இல்லாமல் இருந்ததில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. வேலம்மா சொல்லும் போலீஸ் இதுதான்.

டாக்டர் தம்பி ஓடிவந்து எங்களை மீட்டுக்கொண்டு உள்ளே போனார். அங்கே தாள் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். செல்வி பக்கத்தில் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் இங்கிலீஷில் வாய் திறந்தேன்.

"ஐ பேஸ்ட். மைதா. வாட்டர். பாயில். ப்ளூ ஸ்டோன்."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் தம்பி, அபூர்வமான நீலத்தைப் பற்றி எழுதி வைத்திருந்த நோட்டை மெதுவாக மூடினார்.

நான் பின்பக்கத்து எழுத்தைப் பற்றிச் சொன்னேன். வார்த்தை வராத இடத்தில் விரலால் மேசை மேல் பூச்சரம் போல வரைந்து காட்டினேன். அப்போது அவர் முகம் மாறியது.

மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். அதற்குள் முன்பக்கத்து மசி ஈரம் தாங்குமா என்று ஒரு புள்ளியில் சோதித்துப் பார்த்திருந்தார்கள். தாங்கும் என்று தெரிந்தது. ஆனாலும் சலீமாக்கா என் கையைப் பிடித்த பிடி தளரவில்லை. அந்தப் பெண் ஈரமான ஒரு தாளை மயில் மேல் நேராகப் போடாமல், நடுவில் வேறொன்று வைத்துப் போட்டாள். காத்திருந்தாள். ஒரு மெல்லிய தகட்டை ஓரத்தில் நுழைத்தாள். நுழைந்தது, நின்றது.

"நோ" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வெயிட்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நின்றாள். பசை எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு என்று தடவிய கைக்குத்தானே தெரியும்? கீழ் வலது மூலையைக் காட்டினேன். நீவிவிடும்போது அங்கேதான் பசை பிதுங்கி மெல்லிசாக இருக்கும். அங்கிருந்து எடுத்தாள். முள்ளங்கித் தோல் போல வந்தது.

இடையில் அவள் தன் பசைக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி மோந்து பார்க்கச் சொன்னாள். கோதுமை மாவுதான்! சத்தைக் கழுவி எடுத்த மாவு. அவர்களும் அதில்தான் ஒட்டுகிறார்கள். விஷத்தைத்தான் கலப்பதில்லை. பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன், அதற்கு அது நேரமில்லை.

தாளைத் திருப்பி விளக்கின் கீழ் வைத்தார்கள். ஒன்றரை வரி. மங்கல், ஆனால் முழுசாக இருந்தது. டாக்டர் தம்பி முதலில் தனக்குள் வாசித்தார். வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கியது. பிறகு அரபில் சத்தமாக வாசித்தார். கேட்டதும் சலீமாக்கா என் கையை விட்டார். எனக்கு அர்த்தம் சொன்னதும் அவர்தான்:

'மயிலுக்கு வால் குட்டை என்று யாரும் என்னைப் பழிக்க வேண்டாம். வால் போகவேண்டிய இடத்தை சாசோன் எழுதி அடைத்துவிட்டான். பக்கத்து வீட்டு ஹசன்.'

கோயில் இடிந்த துக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டர் தம்பி தன் நோட்டைத் திறந்து ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டு அடித்தார். அடித்துவிட்டு எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். சலீமாக்கா சிரித்தார், அழுதார், "பேசிட்டான், ஹசன் பேசிட்டான்" என்று அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

புத்தகத்துக்கு ஒரு வரலாற்றுப் படிவம் வைத்திருக்கிறார்கள். அதில் 'முன்பு செய்த பழுது' என்ற இடத்தில் என் பெயரும் ஏறியிருக்கிறது. பொருள்: மைதா, தாமிர உப்பு. தரம்: மிகத் தவறானது, மிக நேர்த்தியானது. அந்த இரண்டாவது வார்த்தையை மட்டும் செல்வியை நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

7

கண்காட்சி திறந்த அன்று எல்லாரும் போனோம். மீனுவும் வந்தாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, மயிலைக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தாளை ஒட்டாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக, இரண்டு பக்கமும் தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். கீழே அட்டை.

'எழுத்து: சாசோன். ஓவியம்: பக்கத்து வீட்டு ஹசன்.'

அதற்குக் கீழே அந்த ஒன்றரை வரி, இங்கிலீஷில், பெரிய எழுத்தில்.

சலீமாக்காவுக்கு இப்போது கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. முதல் தடவை வாசித்து உதட்டைத் தொட்டு அட்டைக்கு நேரே முத்தம் வைத்தார். இரண்டாம் தடவை, வந்து நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தார். மூன்றாம் தடவை மெதுவாக வாசித்தார். நாலாவது தடவை வாசிக்கும்போது முகம் சுருங்கியது.

"எங்க தாத்தா எடத்த அடைச்சாராமா?"

விரலால் கண்ணாடிப் பெட்டியைத் தட்டினார்.

"எங்க தாத்தா சாசோன் பாக்தாத்துலயே பேர் போன எழுத்துக்காரரு! அளவெடுத்துக் கோடு போடாம ஒரு புள்ளி வைக்க மாட்டாரு! அவரு எடத்த அடைச்சாருன்னு இவன் எழுதி வச்சிருக்கான், அத நீங்க கண்ணாடிப் பெட்டியில வச்சு ஊருக்கே காட்டுதீங்க!" டாக்டர் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்தார். "கீழ ஒரு வரி சேரு. 'தப்பு ஹசன் மேலதான்'னு போடு."

டாக்டர் தம்பி பணிவாகச் சொன்னார், ஆதாரம் வேண்டுமாம். ஹசன் எழுத்தில் கொடுத்திருக்கிறார். சாசோன் தரப்பில் எழுத்து ஒன்றும் இல்லையாம்.

"எழுபது எண்பது வருசமா அவன் பேர நான் தூக்கிச் சுமந்தேன்" என்றார் சலீமாக்கா, பெட்டிக்குள்ளிருக்கும் மயிலைப் பார்த்து. அந்த ஆள் அங்கேயே நிற்பது போலத்தான் பேசினார். "நல்லா இருக்குடா ஒன் நியாயம்! ஒன் வாய தாயி ஒட்டினதே சரி!"

பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி தாயி, நீ தொட்டுப் பாத்தவ. அன்னைக்கு வெளக்குக்குக் கீழ வச்சப்பவும் முறைச்சு முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னே. நீ சொல்லு. யாரு மேல தப்பு?"

நான் பார்த்திருந்தேன்தான். சாசோன் மசி தொடாமல் அழுத்திப் போட்ட கோடுகள் விளக்கொளியில் தாளில் தடமாகத் தெரிந்தன. மூன்று வரிக்கு மூன்று கோடு, இம்மி பிசகவில்லை. அதற்குக் கீழே மயிலுக்கென்று விட்டிருந்த இடம் தாராளம். ஹசன் மயிலின் தலையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். ஆசை ஆசையாகக் கொண்டையும் கண்ணும் கழுத்தும் பெரிதாகப் போட்டுக்கொண்டே வந்து, வாலுக்கு வரும்போது தாள் முடிந்துவிட்டது. சுவரில் கடைப் பெயர் எழுதுகிறவர்கள் கடைசி இரண்டு எழுத்தை நெருக்கித் திணிப்பார்களே, அதே கதை. தப்பு முழுக்க ஹசன் மேல்தான்.

சொல்லியிருந்தால் டாக்டர் தம்பி அட்டையில் ஒரு வரி சேர்த்திருப்பார். வழக்கு முடிந்திருக்கும். சலீமாக்கா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, இனி யாரோடு பேசுவது என்று ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இப்போது முகம் சிவந்து, முதுகு நிமிர்ந்து, பாக்தாத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதரோடு மல்லுக்கு நிற்கிறார். பத்து வயதில் கிளம்பும்போது விட்டுவந்த சண்டை போலிருக்கிறது.

"எனக்கு என்னக்கா தெரியும்?" என்றேன். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்."

அது என் மூக்கின் மேல்தான் இருந்தது.